பலகை வீட்டுக்குத்தான்

வவுனியாவில் அகதிகளாக இருந்துவிட்டு நாங்கள் திருகோணமலைக்குத் திரும்பிய அன்று வீட்டின் கூரை அப்படியே இருந்தது. கதவுகளும் இருந்தன. சுவரடிப் பலகைகள்தான் இல்லை. சுவரும் தரையும் சேரும் இடத்தில், எல்லா அறைகளிலும், ஒரு சாண் உயரத்துக்குச் சுண்ணாம்புச் சாந்து உரிந்து முருகைக்கல் வெளியே தெரிந்தது.

உள்துறைமுகத்துக்கு அருகே, வெள்ளைக்காரர் காலத்தில், கப்பற்பட்டறை அதிகாரி ஒருவருக்காகக் கட்டிய வீடு அது. பிறகு என் மாமனார் வாங்கியிருந்தார். தடித்த சுவர்கள், உயரமான கூரை. தரை கழுவும் தண்ணீரும் தும்புத்தடியின் இடியும் சாந்தில் படாதபடி சுவர்களைச் சுற்றித் தேக்குப் பலகை அடித்திருந்தார்கள். நாங்கள் இல்லாத மாதங்களில் எங்களைப் போலவே ஓடி வந்த யாரோ சிலர் அங்கே தங்கிச் சமைத்திருக்கிறார்கள். குசினியில் அடுப்புக் கற்களும் கரியும் கிடந்தன. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு வேண்டுமென்றால் நானும் அந்தப் பலகைகளைத்தான் எரித்திருப்பேன்.

கோபம் வந்தது என் கணவர்மேல். துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர் அவர். சுவரை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, "சீமெந்தைப் பூசிக் கறுப்புப் பெயின்ற் அடிச்சு விடுவம்," என்றார்.

"இது சுண்ணாம்புச் சுவர். சீமெந்து பூசினால் ஈரம் உள்ளுக்கு நிண்டு ரெண்டு மழைக்குள்ள கழண்டு விழும். பக்கத்து வீட்டில விழுந்ததைப் பார்த்தனீங்கள்தானே?"

"ரெண்டு மழைக்குப் பிறகு நாங்கள் இஞ்ச இருக்கப் போறமே?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டுக் கொழும்பில் தன் தம்பியோடு போய் இருக்கும் எண்ணம் அவருக்கு. சீமெந்து அதற்கான ஒப்பேற்றல்.

"நான் இருக்கப் போறன். பழையபடி பலகைதான் போடுறது," என்றேன்.

"ஊரே எரியுது. நீர் சுவருக்குப் பலகை தேடுறீர்."

"ஊர் எரியுது எண்டதுக்காக அரைகுறை வீட்டில இருக்க என்னால ஏலாது."

படுக்கையறையில் ஒரு பெரிய அலுமாரி இருந்தது. அதை அசைக்க நாலு ஆம்பிளைகள் வேண்டும். அதனால்தானோ என்னவோ, அதன் பின்னால் இருந்த ஒரு முழத் துண்டுப் பலகைமட்டும் தப்பியிருந்தது. நான் பெண்கள் பாடசாலையில் தையல் படிப்பித்தவள். சட்டைக்கு அளவு வெட்டுவதுபோல, அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டு, அந்தப் பலகையின் முனையில் ஒரு கடதாசி மட்டையை வைத்துக் கோடு கீறி, மட்டையை அந்த வடிவத்தில் வெட்டி எடுத்தேன். கீழே நேராக ஒரு சாண். மேலே சின்னதாக ஒரு குழி, அதற்கு மேல் விரலின் நுனிபோல ஓர் உருட்டு. வேறு எந்த அலங்காரமும் இல்லை. பிளேட்டால் சுரண்டியபோது வெள்ளைப் பெயின்றுக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் மண்ணிறம், அதற்கும் அடியில் மரம் வந்தது.

மட்டையை எடுத்துக்கொண்டு மாதா கோயிலுக்குப் பின்னால் தச்சுப் பட்டறை வைத்திருந்த ஓடாவியிடம் போனேன். பட்டறை முழுவதும் சவப்பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. என்னைக் கண்டதும் ஓடாவி எழுந்து நின்று, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"ஆர் ரீச்சர் மோசம் போனது?"

"ஒருத்தரும் போகேல்லை, ஓடாவியார். வீட்டுக்குச் சுவரடிப் பலகை வேணும்."

அவர் மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். வீட்டுக்கென்று ஒரு வேலை கேட்டு ஆள் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டதாம்.

முதலில் கொழும்பில் புது வீடுகளுக்கு அடிக்கிற நாலு விரல் அகலப் பலகை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக் காட்டினார். அந்த உயரச் சுவருக்கு அது சேலைக்கரையை விட்டுவிட்டு ரிபனைக் கட்டியதுபோல இருந்தது. அடுத்து, கோயில் பீடத்துக்குச் செய்து மிஞ்சிய, பூ வேலை செய்த ஒன்று. வேலை அழகுதான். ஆனால் இது வேலைக்குப் போய் வந்தவர்களின் வீடு, பூவும் கொடியும் இதற்குப் பொருந்தாது என்றேன். மூன்றாவதாக, யாருமில்லாத முற்றத்தில் நின்றும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அடுத்த தெருவில பூட்டிக்கிடக்கிற பங்களாவில இதே பலகை இருக்கு. ஆக்கள் கனடாவில. கழட்டிக்கொண்டு வாறன், ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

"அவையள் திரும்பி வந்தால்?"

"வர மாட்டினம் ரீச்சர்."

"வராட்டியும் அது அவையளின்ர பலகை."

ஆகவே கந்தளாய் மரக்காலைக்குப் போய்ப் புதுத் தேக்கு எடுப்பதென்று முடிவாயிற்று. ஒரு சனிக்கிழமை லொறியில் நானும் ஓடாவியோடு போனேன். வைரமும் வளைவும் பார்த்துப் பலகைகளை அவர் பொறுக்கினார். திரும்பி வரும்போது வாகனங்களைச் சோதிக்கும் இராணுவச் சென்றிக்குக் கொஞ்சம் முன்னால் லொறியை நிறுத்தச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கேட்டால் பெட்டிக்கு எண்டு சொல்லுங்கோ. பெட்டிக்கு எண்டால் மறு கதை இல்லை, விடுவாங்கள். நான் எப்பவும் அப்பிடித்தான் கொண்டு வாறனான்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. செத்த வீட்டுக்கென்று சொல்லிக் கொண்டுவந்த மரத்தை நான் வாழும் வீட்டைச் சுற்றி அடித்துவிட்டு, ஒவ்வொரு நாளும் அதைத் துடைப்பதா?

"ஏலாது ஓடாவியார்."

"ரீச்சர், ஒரு சொல்லுத்தானே."

"அந்தச் சொல்லுத்தான் ஏலாது."

சென்றியில் இருந்த சிப்பாய் பலகைகளைத் தட்டிப் பார்த்து, எதற்கு என்று கேட்டான். "வீட்டுக்கு," என்றேன். ஓடாவி கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுக்கு இவ்வளவு பலகையா, பங்கருக்கா என்று தொடங்கி, கடைசியில் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு எங்களை வெறும் லொறியோடு அனுப்பினார்கள்.

"ஒரு பொய் சொல்லியிருக்கலாமே," என்றார் என் கணவர்.

பாடசாலை விட்டதும் ஒவ்வொரு நாளும் மட்டையோடு சென்றிக்குப் போனேன். வெயிலில் நிற்க விட்டார்கள். நின்றேன். நாளைக்கு வா என்றார்கள். வந்தேன். ஒரு நாள் அங்கே பொறுப்பாயிருந்த இளம் அதிகாரியே வெளியே வந்து, மட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, வீட்டைக் காட்டச் சொன்னான். அவனுடைய ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்றபோது என் கணவரின் முகத்தில் இரத்தமே இல்லை.

அவன் சிங்களத்தில்தான் கதைத்தான். எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில் நான் விளங்கப்படுத்தினேன். குந்தியிருந்து உரிந்த சுவரைத் தடவினான். அலுமாரிக்குப் பின்னால் டோர்ச் அடித்து அந்த முழத் துண்டையும் பார்த்தான். பிறகு எழுந்து கேட்டான்:

"நாளைக்கு இந்த வீட்டில் ஒரு ஷெல் விழுந்தால் என்ன செய்வாய்?"

"விழுந்தால் விழட்டும். விழும்வரைக்கும் இது என் வீடு. முழு வீடாக இருக்க வேணும்."

அவன் சிரிக்கவில்லை. ஜீப்பில் ஏறிப் போய்விட்டான்.

அடுத்த நாள் பலகைகளை எடுத்துப் போகச் சொல்லி ஆள் வந்தது. லொறியோடு போனோம். இரண்டு பலகைகள் குறைந்தன. பார்த்தால், சென்றிக்குள் சிப்பாய்கள் உட்கார்ந்திருக்கிற வாங்கு எங்கள் தேக்கு. ஓடாவி என் பின்னால் நின்று, "போதும் ரீச்சர், போவம்," என்று கெஞ்சினார். நான் அந்த வாங்குக்கு முன்னால் போய் நின்று, "அதுவும் என்னுடையது," என்றேன். அதிகாரி ஏதோ சொல்ல, இரண்டு சிப்பாய்கள் முகத்தைச் சுழித்துக்கொண்டு எழுந்து ஆணியைப் பிடுங்கினார்கள். அந்த இரண்டையும் நானும் ஓடாவியும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கி லொறியில் ஏற்றினோம்.

ஓடாவி எங்கள் முற்றத்திலேயே தச்சு வாங்கு போட்டு, மட்டையை வைத்து வைத்துப் பார்த்து விளிம்புகளைச் சீவினார். உருட்டு சரியாக வராத ஒரு பலகையை நான் திருப்பிக் கொடுத்தேன். முணுமுணுத்தார், ஆனால் மறுபடி சீவினார். என் கணவர் முதல் நாள் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த நாள் கந்தோரால் வந்து, சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, ஓடாவி ஆணி அடிக்கும்வரை பலகையின் மறுமுனையைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சென்றியில விழுந்த இந்த ஆணி ஓட்டையளை அடைச்சு விடட்டே?" என்று ஓடாவி கேட்டார்.

"வேண்டாம். அந்த ரெண்டு பலகையையும் முன்கதவைத் திறந்தால் தெரியிற இடத்தில அடியுங்கோ," என்றேன். என் கணவர் என்னைப் பார்த்து, "உமக்குச் சரியான பிடிவாதம்," என்றார். கொழும்புக் கதை பிறகு அந்த வீட்டில் எழவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு முறை ஓடினோம். திரும்பி வந்தபோது விறாந்தைப் பக்கத்து அறையில் பாதிப் பலகைகள் போயிருந்தன. பையைக் கீழே வைக்கும் முன்னே என் கணவர்தான் சொன்னார்:

"நான் போய் ஓடாவியாரைக் கூட்டிக்கொண்டு வாறன்."