லைசென்ஸ் இல்லாத மரம்

ஏழாயிரம்பண்ணைக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. சூலக்கரை அரசு அலுவலகத்தில் லைசென்ஸ் கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வுபெற்ற பிறகு, தீக்குச்சிக்கு ஆகும் என்று யாரோ சொன்னதை நம்பி, அதில் மட்டி மரக்கன்றுகள் நட்டேன். மட்டி மலையாளத்து மழையில் வளர்கிற மரம்தான். ஆனால் வேரடியில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். கரிசலில் வைத்த கன்றுகள் முதல் ஐப்பசியிலேயே போய்ச் சேர்ந்தன. வேலியோரம் செம்மண் திட்டில் வைத்த ஒன்று மட்டும், நான் கவனிக்காததாலோ என்னவோ, நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டது. ஒற்றை மரத்துக்காக எந்தக் குச்சிக் கம்பெனியும் லாரி அனுப்பாது. ஆகவே அது நின்றது. கோடையிலும் இலை கொட்டாமல், அந்தக் காட்டுக்குச் சம்பந்தமே இல்லாத பச்சையோடு நின்றது.

வேலிக்கு அப்பால் ஒரு பட்டாசுக் கம்பெனி. போன சித்திரையில் அதன் போர்மேன் வந்தார். ஆய்வுக்கு ஆட்கள் வரப்போகிறார்கள், மரத்தை எடுத்துவிட வேண்டும் என்றார். ஏன் என்றேன். தீக்குச்சிக்கு அறுக்கிற மரம். பட்டையைக் கீறினால் வடிகிற மட்டிப்பாலைச் சாம்பிராணி மாதிரி எரிக்கிறார்கள். அப்படிப்பட்டது வெடிமருந்து ரூமுக்குப் பக்கத்தில் நிற்கலாமா என்றார்.

"உங்க கம்பெனியில கந்தகம் மூட்டை மூட்டையா இருக்கே" என்றேன்.

"அது லைசென்ஸ் உள்ள சரக்கு சார். இதுக்கு என்ன இருக்கு?"

முப்பது வருடம் ஆபீஸில் நான் கேட்டு அடுத்தவர் வாயை அடைத்த கேள்வி அது. என் வாய்க்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எந்த மரத்தை வெட்ட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வெடிமருந்தை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்றும் தெரியும். உயிரோடு நிற்கிற பச்சை மரம் வெடிபொருளா என்று எந்த விதியும் கேட்டதில்லை.

யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற அம்மா ஒருத்தி வேலியருகே வந்தாள். மரத்தின் பாதிக் கிளைகள் அவர்கள் பக்கம்தான். மத்தியானம் பெண்கள் எல்லோரும் அந்த நிழலில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள்.

"வெட்டிறாதீக ஐயா. இந்த நிழல் போச்சுன்னா ரூமுக்குள்ளதான் உக்காந்து திங்கணும். வெயில்ல எம்புட்டு நேரம் நிக்க?"

மருந்து ரூமுக்குள் பத்துப் பேர் தூக்குச்சட்டியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்தால், தீப்பிடிக்க ஒரு உரசல் போதும். எனக்குக் குழப்பம் அங்கேதான் முற்றியது. அவர் நெருப்புக்குப் பயந்து வெட்டச் சொல்கிறார். இவள் நெருப்புக்குப் பயந்து வெட்டாதே என்கிறாள்.

மரத்தை என்ன செய்வது என்று கேட்டு ஒரு மனு எழுதிக்கொண்டு சூலக்கரைக்குப் போனேன். என் பழைய நாற்காலியில் இருந்தவர் மரியாதையாக டீ வாங்கிக் கொடுத்து, நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டார். கூடுதல் விவரம் கேட்டு மனுவைத் திருப்பியிருப்பேன் என்றேன். அப்படியே செய்துவிடலாம் என்றார்.

நான் திரும்பி வருவதற்குள் போர்மேன் தன் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கிளைகளை ஆள் வைத்துக் கழித்துவிட்டார். எல்லை தாண்டிய கிளை. கேள்வி கேட்க முடியாது. அடிமரம் என் பக்கம் தப்பித்து நின்றது. நிழலும் முழுக்க என் பக்கம் வந்துவிட்டது. மத்தியானம் மணி அடித்தது. பெண்கள் தூக்குச்சட்டியோடு வெளியே வந்தார்கள், மொட்டை வெயிலைப் பார்த்தார்கள், ரூம் பக்கமாகத் திரும்பினார்கள்.

பம்புசெட்டில் கிடந்த கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்துவந்து முள்கம்பியை அறுத்தேன். பட்டாசுக் கம்பெனியின் சுற்றுவேலியில் கை வைப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று அந்த வட்டாரத்தில் என்னைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. ஆள் நுழைகிற அளவுக்குக் கம்பியை விலக்கிப் பிடித்தேன். அந்த அம்மாதான் முதலில் குனிந்து வந்தாள்.

மறுநாள் போர்மேன் வந்தார். இடைவெளியைப் பார்த்தார், மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆய்வுக்கு வாறவுக இது என்னன்னு கேட்டா, நான் என்ன சார் சொல்ல?"

கூடுதல் விவரம் கேட்கலாமா என்று யோசித்தேன். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.