"கீ உள்ளதான் கீது"

1. கயிறோடு வந்த புரோக்கர்

"இன்ஜின இறக்கணும்" என்று மெக்கானிக் சொன்னதும் வண்டிக்காரர் முகம் எப்படி விழும் என்பதைப் பல வாசல்களில் பார்த்திருக்கிறேன். விழாத முகம் ஒன்றை ஆவடிப் பக்கம் கோவில்பதாகையில் பார்த்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அப்போது கடை கிடையாது. அம்பத்தூரிலிருந்து சைக்கிள் கேரியரில் டூல்ஸ் பையைக் கட்டிக்கொண்டு, ஆவடி, பூந்தமல்லி என்று வீடு வீடாகப் போய் வண்டி பார்ப்பேன். ஓரிடத்தில் கால் தங்காது. அவரவர் வாசல்தான் என் ஒர்க்‌ஷாப்.

அந்த முகம் ஸ்டெல்லாவுடையது. பள்ளிக்கூட டிரிப் அடிப்பவர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைத் தன் பழைய அம்பாசிடரில் ஏற்றி அம்பத்தூரில் பள்ளி வாசலில் இறக்குவார், சாயங்காலம் கூட்டிவருவார். அவர் கணவருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்றுகூடத் தெரியாது. வண்டி முழுக்க ஸ்டெல்லாவுடையது. அந்த வண்டி ஒரு வாரமாக முன்பக்கம் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. இரண்டு ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருக்கிறார். இரண்டிலும் ஒரே தீர்ப்பு: உள்ளே பேரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும். அந்தச் செலவு அவரால் ஆகிற காரியமில்லை. விற்பதுதான் வழி என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

ஸ்டெல்லா கூப்பிட்டு நான் போனபோது வண்டி புரோக்கர் பாபு ஏற்கெனவே காம்பவுண்டுச் சுவரில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது ஒரு தாம்புக்கயிறு. வண்டியைக் கட்டி இழுத்துப்போகத்தான்.

"வா மாமே. பொணத்துக்கு ஊசி போட வந்துகீறியா?" என்றான்.

ஸ்டெல்லா மாதா கோயில் பூசைக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றவில்லை. "அண்ணே, பாபு கெடக்குறான். பொழுது சாயுற வரைக்கும் அவன்கிட்ட டைம் கேட்டிருக்கேன். நாளைக்குக் காலைல புள்ளைங்க பையத் தூக்கிகினு வாசல்ல வந்து நிக்கும். நீங்க ஒரு வாட்டி கேட்டுச் சொல்லுங்க. நீங்களும் பேரிங்குனு சொன்னா கயித்த நானே கட்டித் தரேன்."

இதைச் சொல்லும்போதும் அந்த முகம் விழவில்லை.

2. ரேஸ் குடு, ரேஸ் குடு

நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம். பானெட்டைத் திறந்ததும், என்ன ஏது என்று கேட்பதற்குமுன், "ரேஸ் குடு" என்பார்கள். ஆக்சிலேட்டரை மிதி, மிதி, இன்னும் மிதி. வண்டி அலறும். அந்த அலறலில் எல்லாச் சத்தமும் ஒரே சத்தம். மேளக் கச்சேரியில் உட்கார்ந்துகொண்டு கொசு எங்கே பாடுகிறது என்று தேடுகிற மாதிரி.

நான் ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். "காலை எடுத்துடுங்கம்மா. ஐடில்ல ஓடட்டும்."

டொக். டொக். டொக்.

"இப்ப மெதுவா மிதிங்க."

வேகம் ஏற ஏறத் தட்டல் மங்கியது. காலை எடுத்ததும் திரும்ப வந்தது. என் மனசு அங்கே கொக்கி போட்டுக்கொண்டது. போன பேரிங், பாரம் ஏற ஏறத்தான் கத்தும். இது சும்மா நிற்கும்போது புலம்புகிறது, வேலை கொடுத்தால் வாயை மூடிக்கொள்கிறது. டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் முள்ளும் தலை நிமிர்ந்தே நின்றது.

ஆனாலும் மனசு சொல்வதைக் கை சோதிக்க வேண்டும். பிளக் ஒயர்களை ஒன்று ஒன்றாகக் கழற்றி மாட்டினேன். பேரிங் போன சிலிண்டரின் ஒயரைப் பிடுங்கினால் தட்டல் அடங்கும். நான்கையும் பிடுங்கிப் பார்த்தேன். தட்டல் அசையவில்லை. பிறகு நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்தேன். நடுவில் சாதுவான உறுமல். பின்னால் ஒன்றுமில்லை. முன்னால் வரவர டொக், டொக்.

"இன்னா நைனா, ரேடியோ எடுக்குதா?" என்றான் பாபு. "நேயர் விருப்பத்துல நமக்கும் ஒரு பாட்டு போடச் சொல்லு."

"அவரு காதுல வேல செய்யறாரு, நீ வாயில வேல செய்யற. செத்த சும்மா கெட" என்றார் ஸ்டெல்லா.

ஃபேன் பெல்ட்டைக் கழற்றினேன். பெல்ட் போனால் ஃபேன் இல்லை, வாட்டர் பம்ப் இல்லை, டைனமோ இல்லை. அவற்றில் ஒன்று குற்றவாளியானால் தட்டல் நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிட்டேன்.

நிற்கவில்லை. இன்னும் பெரிதாகத் தட்டியது.

பாபு கயிற்றை எடுத்துக்கொண்டு சுவரிலிருந்து குதித்தான். "அவ்ளோதான் சிஸ்டர். டாக்டரே கைய விரிச்சுட்டாரு."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். எனக்கோ சிரிப்பு வந்தது. பெல்ட் இருந்தபோது அடங்கியும், எடுத்ததும் எகிறியும் தட்டுகிறதென்றால், இத்தனை நாளும் பெல்ட் எதையோ ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கிறது. இன்ஜினை நிறுத்தி, கையைக் கீழே விட்டு, அந்த பெல்ட்டைச் சுழற்றும் கிராங்க் புல்லியைப் பிடித்து ஆட்டினேன். அது பாறை மாதிரி நிற்க வேண்டிய இரும்புச் சக்கரம். விழப்போகும் பால்பல் மாதிரி ஆடியது.

டொக்.

"பேரிங் இல்லம்மா. புல்லிதான் லூஸ்."

"அதான பாத்தேன்" என்றார் ஸ்டெல்லா. "இங்க ரெண்டு லூஸு கீது. ஒண்ணு செவுத்துமேல இருந்துச்சு."

3. எந்தக் கீ?

ரேடியேட்டரைக் கழற்றி வைத்துவிட்டுப் புல்லியின் பெரிய நட்டில் ஸ்பேனரைப் போட்டேன். பாதிச் சுற்றில் கையோடு வந்தது. புல்லியை உருவி, அது உட்காரும் ஷாஃப்ட்டைத் துடைத்துப் பார்த்தேன். புல்லியையும் ஷாஃப்ட்டையும் ஒன்றாகப் பூட்டுகிற கீ ஒன்று உண்டு. தேங்காய்ச் சில்லு மாதிரி, அரைநிலா வடிவத்தில் ஒரு சின்ன இரும்பு. அது உட்காரும் பள்ளம் காலி. நட்டின் இறுக்கத்தில் மட்டும் இத்தனை நாள் ஓடியிருக்கிறது வண்டி. ஞாயிற்றுக்கிழமை. ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றும் திறந்திருக்காது.

"கீ எங்கம்மா?" என்றேன், என்னை அறியாமல்.

"வண்டிலயே கீதுண்ணே. எடுக்கவே இல்லையே."

"அந்தக் கீ இல்லம்மா..."

சொல்லி முடிப்பதற்குள் அவர் முகத்தில் ஏதோ நகர்ந்தது. "அண்ணே, போன மாசம் இங்கியே ஒருத்தர் புல்லியக் கழட்டி ஆயில் சீல் மாத்துனாரு. கொஞ்ச நேரம் டார்ச் புடிச்சுட்டு, நான் உள்ள மீன் ஆஞ்சுகினு இருந்தேன். வெளிய இருந்து கத்துறாரு, 'அக்கா, கீ உள்ள கீதா பாத்தியா?'ன்னு. நான் சாவியக் கேக்குறாருன்னு, 'உள்ளதான் கீது, நீ மூடிட்டுக் கெளம்பு'ன்னேன்."

அவன் மூடிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

பாபு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "எப்டி இருக்கும் அது?" என்றார். நான் விரலால் மண்ணில் வரைந்து காட்டினேன். வீட்டுக்குள் ஓடினார்.

அவர் வீட்டுக் கூடத்தில் அந்தோணியாரின் சின்னச் சிலை, சுரூபம் என்பார்கள், ஒன்று உண்டு. காணாமல்போனதைத் தேடித் தருகிற புனிதர். எல்லாரும் தொலைத்ததை அவரிடம் கேட்பார்கள். ஸ்டெல்லா வழக்கம் வேறு. வாசல் பெருக்கும்போது கிடைக்கிற ஊக்கு, சட்டைப் பொத்தான், பிள்ளைகளின் பேனா மூடி எல்லாவற்றையும் சுரூபத்தின் காலடியில் ஒரு கிண்ணத்தில் போட்டுவைப்பார். எவரோ எங்கோ தேடுவார்கள் என்று. அந்தக் கிண்ணத்தோடு வந்தார். பேனா மூடிகளுக்கு நடுவே, மெழுகு படிந்து, அரைநிலா.

"நான் தொலைச்சதுன்னே எனக்குத் தெரியாம போச்சேண்ணே" என்றார்.

மெழுகைச் சுரண்டினேன். பள்ளத்தின் ஓரம் தேயவில்லை. கீ சிக்கென்று உட்கார்ந்தது. புல்லியை ஏற்றி, நட்டை இறுக்கி, போன தடவை மடிக்காமல் விட்ட, நட்டைக் கழலாமல் பிடிக்கும் லாக் வாஷரை மடித்து, பெல்ட்டைப் போட்டு, ரேடியேட்டரை மாட்டித் தண்ணீர் ஊற்றினேன். வெயில் இன்னும் மதில்மேல் இருந்தது. ஸ்டெல்லா ஸ்டார்ட் செய்தார். நான் சொல்லாமலே காலை எடுத்துக்கொண்டார். இன்ஜின், சாப்பிட்டுப் படுத்த பசு அசைபோடுகிற மாதிரி, ஐடிலில் ஓடியது.

பாபு கயிற்றைச் சுருட்டினான்.

"கயித்த உட்டுட்டுப் போ தம்பி" என்றார் ஸ்டெல்லா. "துணி காயப்போட ஆவும்."

இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். சத்தம் கேட்க வேண்டுமானால் முதலில் காலை எடுக்கச் சொல். மூடுவதற்குமுன் கீ இருக்கிறதா என்று யாரிடமும் கேட்காதே. பள்ளத்தில் விரலை வைத்துப் பார். சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். இரும்புக்கு ஒன்றுதான்.