பள்ளிக்கூடத்தில் ஒரு ராகு கேதுப் பெயர்ச்சி

ஆனேக்கல்லில் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறையை விட்டுக் கிளம்பி, அத்திபெலே ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். யாரோடும் சண்டை இல்லை. கல் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் நிற்கவில்லை, போதும் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டேன். சாயங்கால வெயில் முதுகில் விழுந்தது. வழியில் ஒரு ஃபேக்டரியின் கூரை முழுக்க சோலார் பேனல்கள் மின்னின. கேட்டில், அவற்றைக் கழுவ ஆள் தேவை என்று கன்னடத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தேன். அப்படிப் படிக்க எனக்கு வாய்த்ததற்கு என் மாமாவும், அவர் தெர்மாகோலில் செய்த ஒரு சூரியனும்தான் காரணம்.

அப்போது விவேக் நகரில் ஒற்றை அறையில் இருந்தோம். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா அபார்ட்மெண்டுகளில் பாத்திரம் தேய்த்தாள். அம்மாவின் தம்பியான மாமா எங்களோடு இருந்தார். கல்யாண மண்டபங்களில் மேடை ஜோடிப்பது அவர் தொழில். நான் ஏழாவது படிப்பதாகப் பேர். பள்ளிக்கூடத்துக்கு என்று கிளம்பி, ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசி ஸ்டாப் வரை போய்விட்டுச் சாயங்காலம் திரும்புவேன். விஷயம் தெரிந்து ஹெட்மாஸ்டர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு ஒழுங்காக ஒரு மாடல் செய்துகொண்டு வந்து விளக்கினால் நான் படிக்கலாம், இல்லையென்றால் டிசி. அம்மா அங்கேயே அழுதாள். அழுது முடித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

மிஸ் எனக்குக் கொடுத்தது சூரியக் குடும்பம். வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன்.

"ஒம்போது கிரகம் செய்யணும் மாமா. நடுவுல சூரியன்."

"இவ்ளோதானா? கோயில் விழாவுக்கு எத்தன வாட்டி செஞ்சிருக்கேன். கண்ண மூடிக்கினு செய்வேன்டா."

கண்ணை மூடிக்கொண்டுதான் செய்திருந்தார். எக்ஸிபிஷன் அன்று காலை, ஆட்டோவில் வந்து இறங்கிய பலகைமேல் இருந்த பெட்ஷீட்டை அவர் விலக்கியபோது, உள்ளே நவக்கிரக சன்னிதி இருந்தது. நடுவில் பெரிய உருண்டைக்குச் சிவப்புத் துணி. சுற்றி எட்டு உருண்டைகள். சந்திரனுக்கு வெள்ளை, குருவுக்கு மஞ்சள், சனிக்குக் கறுப்பு என்று ஜாக்கெட் துணியில் வெட்டிக் கட்டிய வஸ்திரங்கள். ராகுவுக்கும் கேதுவுக்கும்கூடக் குறை வைக்கவில்லை. ஒரு பையனின் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றவே ஆரம்பித்துவிட்டார்.

"ஏனப்பா இது? ஸ்கூலா, தேவஸ்தானமா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

மிஸ் குனிந்து பார்த்தார். "பூமி எங்கடா?"

நான் மாமாவைப் பார்த்தேன்.

"பூமி மேல நின்னுதான மிஸ் நாம சுத்துறோம்?" என்றார் மாமா. "அத வேற தனியா வெக்கணுமா?"

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரொம்ப காலம் எல்லாரும் அப்படித்தாங்க நெனச்சாங்க. பூமி நடுவுல நிக்குது, சூரியன்லேர்ந்து எல்லாமே அதைச் சுத்துதுன்னு. அப்புறம்தான் சூரியனை நடுவுல வெச்சாங்க. நீங்க சூரியனை நடுவுல வெச்சுட்டு பூமியையே தொலைச்சிட்டீங்க."

ஹெட்மாஸ்டர் சிரிக்கவில்லை. டிசியை ரெடி பண்ணச் சொன்னார். பெரிய அதிகாரி மத்தியானம்தான் வருகிறார், அதுவரை விடுங்கள் சார் என்று மிஸ் கேட்டுக்கொண்டார்.

மாமா குறை சொன்னால் பொறுக்காத மனிதர். கல்யாண மேடைக்குச் செய்த மயிலின் கழுத்து கோணல் என்று பெண் வீட்டார் சொன்னதற்காக, மயிலை மேடையிலேயே இரண்டாக உடைத்துவிட்டு வந்தவர். இப்போதும் பலகையை எட்டி உதைப்பார், நானும் அவரோடு நிம்மதியாக வெளியே போய்விடலாம் என்று காத்திருந்தேன்.

"தப்பு என்னுது மிஸ்," என்றார். "பையன் கரெக்டாத்தான் சொன்னான். நான்தான் காதுல வாங்கல. எப்டி வெக்கணும்னு சொல்லுங்க, மாத்திடலாம்."

நான் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் எனக்கு உறைத்தது அது இல்லை. மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான் அவமானமாக இருந்தது.

வராந்தாவில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். துணிகளை உருவினார். மிஸ் சொல்லச் சொல்ல, கம்பியை வளைத்து ஒன்றுக்கு வெளியே ஒன்றாகப் பாதைகள் போட்டார். சந்திரனுக்கு நீலமும் பச்சையும் பூசியதும் அது பூமி ஆனது. ராகு யுரேனஸ் ஆனார், கேது நெப்டியூன் ஆனார். நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன்.

"மிஸ், ஒண்ணு கொறையுது. ப்ளூட்டோ."

"அதை கிரகம் இல்லைன்னு இப்பத்தான் தள்ளி வெச்சாங்கடா. உன் புக்கு பழசு. எட்டு போதும்."

"பாத்தீங்களா," என்றார் மாமா. "பெரிய பெரிய விஞ்ஞானியே மாத்தி மாத்தி வெக்கிறான். என்னைய மட்டும் அந்தப் பார்வ பாத்தீங்க."

கடைசியில் சூரியனை பிளேடால் பாதியாக அறுத்தார். நடுவில் வெள்ளை, அதைச் சுற்றி மஞ்சள், அதற்கு வெளியே ஆரஞ்சு. நடுவில் பிறக்கும் வெளிச்சம் நேராக வெளியே வந்துவிடாது, முட்டி மோதி, திரும்பித் திரும்பி, மேலே வரவே ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும் என்றார் மிஸ். மேலே வந்துவிட்டால் நம்மிடம் சேர எட்டு நிமிஷம்தான்.

"எங்க காம்பவுண்டு பாத்ரூம் மாதிரி," என்றார் மாமா. "உள்ள போய்ட்டா ரெண்டு நிமிஷம். க்யூதான் கஷ்டம்."

அவர் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பெயிண்ட் கையோடு எடுத்துப் பார்ப்பார், கட் பண்ணுவார். மறுபடி அடிக்கும். மிஸ் சொல்வது காதில் விழாமல் அது கெடுக்கிறதே என்று எனக்கு எரிச்சல்.

மத்தியானம் வந்த அதிகாரி, சூரிய வெளிச்சம் நம்மிடம் வர எவ்வளவு நேரம் என்று கேட்டார். எட்டு நிமிஷம், ஆனால் க்யூவில் நிற்கிற நேரம் தனி என்றேன். அவர் சிரித்தார். அதைப் பார்த்து ஹெட்மாஸ்டரும் சிரித்தார். டிசி பேச்சு அதோடு போயிற்று.

அதன் பிறகு இரண்டு வருஷம்தான் தாங்கினேன். ஒன்பதாவதில் பாதியில் நானே நின்றுவிட்டேன். ஆனால் அந்த இரண்டு வருஷத்தில்தான் கன்னட எழுத்து கைக்கு வந்தது, கணக்கு வந்தது. போன இடத்திலெல்லாம் எனக்குச் சோறு போட்டது அதுதான்.

எக்ஸிபிஷன் அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா மாமாவிடம் கேட்டாள். "ஏன்டா, இன்னிக்கு மண்டபத்துல பெரிய வேல இருக்குன்னியே?"

"இருந்துச்சு," என்றார். குழம்பு கேட்டார்.

அந்த மண்டப வேலையைக் கொடுத்த காண்டிராக்டர் பிறகு அவரைக் கூப்பிடவே இல்லை. கொஞ்ச நாளில் மாமா மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார். என்னைப் போலவே அவருக்கும் செய்கிற வேலை அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் துணை ஒருவர் இருக்கிறார் என்று சந்தோஷப்படவும் செய்தேன்.

பட்டறையை விட்டுக் கிளம்பிய மறுநாள் விடிகிற நேரத்தில் அந்த ஃபேக்டரி கேட்டில் நின்றேன். கன்னடம் படிக்க வருமா என்று சூப்பர்வைசர் கேட்டார். எச்சரிக்கைப் பலகையைப் படித்துக் காட்டினேன். வாளியும் நீளக் கம்பு வைத்த பிரஷ்ஷும் கொடுத்துக் கூரைக்கு அனுப்பினார். கண்ணாடி சூடேறிய பிறகு தண்ணீர் பட்டால் விரிசல் விடுமாம், அதனால் வெயில் வருமுன் கழுவிவிட வேண்டும். முதல் வரிசையைக் கழுவி முடித்ததும் மாமாவுக்குப் போன் போட்டேன். அவர் பக்கத்தில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

"வேலையிலதான்டா இருக்கேன்," என்றார். "பரவால்ல, சொல்லு."