விளக்கு வைக்கும் நேரத்தில் சவாசனம்

திண்டிவனம் பக்கம் போய் யோகா சொல்லித்தரப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒரே சிரிப்பு. "உனக்கே பத்து நிமிஷம் சும்மா உட்கார வராதே" என்றார் கணவர். அதுவும் உண்மைதான். ஒன்பது வருடமாக யோகா செய்கிறேன், பயிற்சியாளர் சான்றிதழ்கூட வாங்கி மாட்டியிருக்கிறேன். ஆனால் கடைசியில் கண்ணை மூடிப் படுக்கிற அந்தப் பத்து நிமிடம் மட்டும் எனக்குக் கைவந்ததே இல்லை. உடம்பு பாயில் கிடக்கும், மனசு அடுக்களைக்குப் போய் மாவு பொங்கிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். 'இப்போது, இங்கே இருங்கள்' என்று எங்கள் ஆசிரியை சொல்லும்போதெல்லாம், நான் இங்கேயே இருந்துவிட்டால் அங்கே பாலை யார் இறக்குவது என்று தோன்றும்.

போகக் காரணம் என் நாத்தனார் தனம். பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டவள், அங்கே மகளிர் குழுத் தலைவி. மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலைக் காட்டில், குனிந்தபடியே களை எடுத்து அந்த ஊர்ப் பெண்களுக்கு முதுகு பிடித்துப்போகிறது, மாத்திரையிலேயே காலம் தள்ளுகிறார்கள் என்று புலம்பிக்கொண்டே இருப்பாள். ஒரு வருடம் அலைந்து, ஊராட்சியில் சமுதாயக் கூடத்தை மாலையில் ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கிவிட்டாள். ஆனால் ஒரு நிபந்தனை. முதல் வகுப்புக்கு ஆள் வந்து, பிடித்து, மறுநாளும் வருவோம் என்று சொன்னால் சாவி அவளிடம் இருக்கும். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "அண்ணி, நீங்க வந்தாதான் ஆவும்" என்றாள். எனக்குத் தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைதான் விடுப்பு கிடைத்தது. அந்த வெள்ளிக்கிழமைதான் எல்லா வம்புக்கும் காரணம்.

நேராகத் திண்டிவனத்தில் இறங்குவதுதான் புத்திசாலித்தனம். நான் அதைத் தாண்டி விழுப்புரம் வரை போனேன். அங்கே ஒரு கடையில் கோரைப் பாய் மலிவு என்று தனம் சொல்லியிருந்தாள். தாம்பரத்தில் காலை ஏழு மணிக்கு ரயில் ஏறினேன், சுமார் 135 கிலோமீட்டர், பத்து மணிக்கெல்லாம் விழுப்புரம். ஸ்டேஷனுக்கு வெளியே இட்லி, வடை, காபி எல்லாம் சேர்த்து எழுபது ரூபாய். பாய் இருபது வாங்கி, இரண்டு கட்டாகக் கட்டிக்கொண்டு பஸ் நிலையம் போனேன்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான், பஸ்ஸில் ஒரு மணி நேரம். கண்டக்டர் பாய்க்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லக்கேஜுக்கு இரண்டு டிக்கெட் கிழித்தார். பாய்க்கு எதற்கு டிக்கெட் என்று நான் சட்டம் பேசினேன். "உங்க ஒசரம் கீது மேடம், ஆளுன்னுதான் கணக்கு" என்றார். பக்கத்து சீட்டில் இருந்தவர்கள் சிரித்துவிட்டதால் மேற்கொண்டு சண்டை போட முடியாமல் போயிற்று. திண்டிவனத்தில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பிரம்மதேசம் பக்கம் போகும் டவுன் பஸ் பிடித்தேன். இருபது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும், பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பிரம்மதேசத்தில் இருக்கும் சோழர் காலத்துக் கோயிலைப் பார்க்க நினைப்பவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். நான் போன மதிய நேரத்தில் நடை சாத்தியிருந்தது, வெளிச்சுவரைச் சுற்றிவிட்டுத் தனத்தின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஐந்தரைக்கு வகுப்பு. பத்துப் பேர் வந்தால் பெரிது என்று நினைத்த இடத்தில் இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். கொல்லையிலிருந்து வந்து, கைகால் கழுவி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கழுத்தைச் சுழற்றச் சொன்னேன், தோளை உருட்டச் சொன்னேன், பூனை மாதிரி முதுகை வளைக்கச் சொன்னேன். சிரிப்பும் கும்மாளமுமாக முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. ஒரு பைசா வாங்காமல் சொல்லித்தருகிறோம் என்ற பெருமை வேறு எனக்கு. தலைகால் புரியவில்லை.

ஆறே கால் ஆயிற்று. "எல்லாரும் மல்லாந்து படுங்க. கடைசி ஆசனம், சவாசனம். பிணம் மாதிரி அசையாம கிடக்கணும்" என்றேன்.

ஒருத்தரும் படுக்கவில்லை. கூடத்து மூலையில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த பெண் அப்படியே நிமிர்ந்து பார்த்தாள். அஞ்சலை அம்மா மெல்ல எழுந்தார். களையெடுக்கும் கொத்துக்கு, அதாவது சேர்ந்து கூலிக்குப் போகும் குழுவுக்கு, அவர்தான் தலைவி, வயது ஐம்பத்தைந்து இருக்கும். அவர் எழுந்தால் மற்றவர்களும் எழுந்துவிடுவார்கள் என்று தனம் முன்பே சொல்லியிருந்தாள்.

"வெள்ளிக்கெழமை அதுவுமா, வெளக்கு வெக்கிற நேரத்துல, பொணமாட்டம் படுக்க சொல்றீங்களே. எங்களுக்கு அது ஆவாதுங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

எனக்கு வந்ததே கோபம். நரம்பு, ரத்த அழுத்தம், தசை ஓய்வு என்று படித்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். அதற்குள் பாதிப் பேர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். தனம் என் காதோடு சொன்னாள்: நேரத்தை மாற்ற வழியே இல்லை, விடிந்தால் சமையல், எட்டு மணிக்குக் கொல்லை, இருட்டினால் மறுபடி சமையல், இந்த ஒரு மணி நேரம்தான் அவர்களுடையது. சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது. ஒரு வருட அலைச்சலை நான் ஒரே வாக்கியத்தில் கெடுத்துவிட்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் படுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா என்ன? அந்த நேரத்தில் கட்டிலில் சாய்ந்தாலே எங்கள் அம்மா கத்துவாள். சென்னையில் நாங்கள் யோகா செய்யும் ஏசி அறைக்குத் திரை போட்டிருப்பார்கள், உள்ளே இருப்பவர்களுக்கு அந்தி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இங்கே கதவு திறந்திருந்தது, வானம் சிவந்திருந்தது. போதாக்குறைக்குப் பிணம் என்று வேறு சொல்லித்தொலைத்திருந்தேன்.

என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோதுதான் அந்த இருவரையும் பார்த்தேன். மற்றவர்கள் கிளம்புகிற அமளியில், எழுந்திருக்கத் தெம்பில்லாமல் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் தலை பின்னால் சரிந்து மற்றவளின் தோளில் கிடந்தது. "அப்படியே இருங்க! யாரும் படுக்க வேணாம். எல்லாரும் இவங்க மாதிரி உட்காருங்க" என்று கத்தினேன். ஒருத்தர் தாங்க வேண்டும், ஒருத்தர் சாய வேண்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான் ஆசனம் என்றேன்.

உட்கார்ந்தார்கள். ஆனால் ஒருத்தரும் சாயவில்லை. இரண்டு பேருமே நட்ட தூண் மாதிரி நிமிர்ந்திருந்தார்கள். கேட்டால், நான் கனம், அவள் தாங்கமாட்டாள், அவளுக்கே முதுகுவலி என்று ஆளுக்கொரு காரணம். தாங்குவதற்கு எல்லாரும் தயார், சாய்வதற்குத்தான் ஆளில்லை. "நீங்க சாயலன்னா அவங்க எதைத் தாங்குவாங்க? பாரத்தைக் குடுக்கறதும் குடுக்கறதுதான்" என்றேன். எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ தெரியாது. ஒவ்வொரு முதுகாக மெதுவாகத் தளர்ந்தது.

இருபத்து மூன்று பேரில் ஒருவருக்கு ஜோடி இல்லை. அஞ்சலை அம்மாதான். ஒரு காலில் செருப்போடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். மேற்பார்வை பார்க்கலாம் என்றிருந்த நான் அவருக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, "அம்மா, எனக்கு ஆளில்ல, கொஞ்சம் வாங்க" என்றேன். பிறகு செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

முதலில் தோள் மட்டும் பட்டது. அப்புறம் முதுகு. கடைசியாகத் தலையும் என் தோளில் வந்து இறங்கியது. தேங்காய் எண்ணெயும் மண்ணும் கலந்த வாசனை. வழக்கம்போல என் மனசு அடுக்களைக்குக் கிளம்பப் பார்த்தது. மனசு அசைந்தால் உடம்பும் லேசாக அசைகிறது, உடம்பு அசைந்தால் அவர் தலை நழுவுகிறது. அதனால் திரும்பி வந்துவிட்டேன். மறுபடி போனேன், மறுபடி வந்தேன். நாலாவது தடவை போகவே தோன்றவில்லை. அவர் மூச்சு என் முதுகில் ஏறி இறங்கியது. என்னுடையதும் அதோடு சேர்ந்துகொண்டது. மூலையில் தனம் விளக்கு ஏற்றினாள். கொசு கடித்தது, தொடை மரத்துப்போயிற்று, எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. அத்தனை சந்தோஷமாக இருந்தது! காரணமே இல்லாமல், நெஞ்சு நிறைய. ஒன்பது வருடம் என் பாயில் படுத்து நான் தேடிக்கொண்டிருந்தது இன்னொருத்தர் பாரத்தோடு வந்து சேர்ந்தது.

பின்னாலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. அஞ்சலை அம்மா தூங்கிவிட்டார். மற்றவர்கள் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. அவருக்காக அத்தனை பேரும் மறுபடி கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். தனம் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஏழு மணி வாக்கில் அவராகவே விழித்தார். வெளக்கு வெச்ச நேரத்துல தூங்கிட்டியே என்று யாரோ கேலி செய்தார்கள். "நான் எங்கடி படுத்தேன்? உக்காந்துக்கினு தானே கீறேன்" என்றாரே பார்க்கலாம், கூடமே அதிர்ந்தது. சிரிப்பு அடங்கியதும் தனத்திடம், "சாவிய குடுத்துறாத. நாளைக்கும் இதே நேரம்" என்றார். ஜெயித்துவிட்டோம். தனம் என்னைக் கட்டிப்பிடித்த வேகத்தில் இரண்டு பேரும் விழப் பார்த்தோம்.

இதே மாதிரி எங்காவது சொல்லித்தரப் போகிறவர்களுக்கு என் அனுபவம்: பாயைச் சுமந்துகொண்டு போகாதீர்கள், இருபதும் சுருட்டியபடியே கிடந்தன. அந்த ஊர்ப் பொழுது எப்படி நகர்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கொசுவர்த்தி அவசியம். முதுகோடு முதுகு உட்காரும்போது ஏறக்குறைய ஒரே உயரத்தில் ஜோடி பாருங்கள், கழுத்துவலி உள்ளவர்கள் தலையைச் சாய்க்க வேண்டாம். திரும்புகிறவர்களுக்குக் காலையில் திண்டிவனத்துக்கு ஆறு ஐம்பதுக்கு ஒரு பஸ், ஏழு இருபத்தைந்துக்கு ஒன்று. நேரத்தை ஊரில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஆறே முக்காலுக்கே பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். சிமெண்டுப் பெஞ்சில் நான் ஒருத்திதான். சமையலை முடித்துவிட்டு ஈரக்கையோடு அஞ்சலை அம்மா வந்தார். வழியனுப்ப வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பெஞ்சில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"நேத்து மாத்திக்கவே இல்லியே நாம. சாஞ்சிக்குங்க" என்றார்.

நான் கனம் என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டுச் சாய்ந்தேன்.

ஆறு ஐம்பது பஸ் வந்தது, நின்றது, போயிற்று. ஏழு இருபத்தைந்து பஸ்ஸையும் விட்டேன்.