சுருளி உட்கார்ந்தால் சமமாகும் கார்

காளவாசலில் பாண்டியராஜன் நடத்தும் ஒர்க்‌ஷாப்பில் சுருளிக்கு என்ன வேலை என்று கேட்டால், பாண்டியராஜனே கொஞ்சம் செருமிவிட்டுத்தான் பதில் சொல்லுவார். காருக்குப் புது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாட்டி, உயரத்தையும் சொகுசையும் வேண்டியபடி திருகிக் கொடுக்கிற கடை அது. வெறும் வண்டியில் திருகினால் ஆள் ஏறியதும் அமுங்கிப்போகும். அதனால் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே திருக வேண்டும். அந்த ஆள் சுருளி. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்காருவதும், இறங்கச் சொல்லும்வரை இறங்காமல் இருப்பதும்தான் அவருடைய உத்தியோகம். அவர் ஏறிவிட்டால் பாண்டியராஜன் கடையே அதிரக் கத்துவார்.

“ஆளு ஒக்காந்திருக்கு! யாரும் அசைக்காதீக!”

லேசுப்பட்ட உடம்பு இல்லை சுருளிக்கு. முன்பு திருமங்கலத்தில் ஒரு பருத்திக் கோடவுனில் வாட்ச்மேனாக இருந்தார். எந்நேரமும் உட்கார்ந்தே இருக்கிறார் என்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதே குற்றத்துக்கு இங்கே மாதச் சம்பளம். திருகி முடித்ததும் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு அதே காரில் கோச்சடை வரை போய்வருவார். வேட்டியில் டீ கொட்டினால் ஷாக்கை இன்னும் இளக்க வேண்டும். வேட்டி வெள்ளையாகத் திரும்பினால் வண்டி முடிந்தது என்று அர்த்தம். துவைக்கும்போது மதுரைக் கார்களின் யோக்கியதை எல்லாம் அவர் மனைவி முத்துமீனாவுக்குத் தெரிந்துவிடும்.

நியாயமாகப் பார்த்தால் அந்த சீட்டில் கார்க்காரரின் வீட்டு ஆட்கள்தான் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஒர்க்‌ஷாப் வெக்கையில் யார் உட்காருவார்கள்? கார்க்காரர்கள் எல்லாம் டீக்கடைக்கு நழுவிவிட, ஊருக்கெல்லாம் சேர்த்து சுருளியே உட்கார்ந்தார். விளைவு, அவர் ஏறினால் மட்டும் கார்கள் சமமாக நின்றன. அவர் இறங்கியதும் இடதுபக்கம் எழும்பிக்கொள்ள, வண்டி டிரைவர் பக்கமாகச் சாய்ந்து நொண்டியது.

“கொண்டாங்கண்ணே, மறுபடி திருகித் தாரேன்” என்று பாண்டியராஜன் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. சுருளியோடு போனபோது கண்ட சொகுசு திருகலில் போய்விட்டால்? அரிசி மூட்டையை வைத்துப் பார்த்தவர்களும், மூட்டை சரிப்படவில்லை என்றார்கள். கடைசியில் சுருளியையே கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். மாட்டேன் என்ற சொல் அவர் வாயில் வராது. கல்யாணம், கிரகப்பிரவேசம், பத்திரப்பதிவு என்று எல்லாவற்றுக்கும் போனார். ஒருமுறை பெண் பார்க்கப் போன இடத்தில் இவரைத்தான் பெரிய மனிதர் என்று நினைத்து, பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். பிடித்திருக்கிறது என்று இவரும் தலையாட்டிவிட்டார். அந்தக் கல்யாணம் நடந்தே விட்டது.

இப்படி இருக்கையில்தான் திருமங்கலத்தில் வாக்கப்பட்ட தங்கை தங்கப்பொண்ணு போன் செய்தாள்.

“அண்ணே, வெள்ளிக்கெழம பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியிலதான் ஒக்கார வைக்கணும்.”

“வாரேன் தாயி.”

“மொட்டை எடுத்தப்பவும் இப்படித்தான் வாரேன்ன. எவன் கார்லயோ ஏறிப் போயிட்ட. ஒங்கண்ணன் ஊரான் காருக்கெல்லாம் ஒக்காருவாரு, ஒம்பிள்ளைக்கு ஒக்கார மாட்டாரான்னு எங்க மாமியா கேக்குது. இந்தத் தடவையும் வரல, பெரியப்பா மகன் மடியில வச்சுக் குத்திருவேன். அதுக்குப் பெறகு எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்ல.”

அன்று சுருளிக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வீட்டில் அது சாதாரண விஷயமில்லை. முத்துமீனா பயந்தே போனாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வாசலில் ஒரு கார் சாய்ந்துகொண்டு நின்றது. கோச்சடையில் உரக்கடை வைத்திருக்கும் அழகுபாண்டியின் கார். பின் சீட்டில் அவனுடைய மாமியார் அன்னக்கொடி, இடுப்புவலிக்காரி, தலையணையோடு இருந்தாள்.

“ஏறுங்கண்ணே. ஒங்கள திருமங்கலத்துல எறக்கிவிட்டுட்டு நாங்க மேலூர் கல்யாணத்துக்குப் போயிக்கிறோம்.”

ஏற வேண்டாம் என்று முத்துமீனா கண்ணைக் காட்டினாள். சுருளி அதற்குள் ஏறிவிட்டார். காளவாசல் வந்ததும் திருமங்கலத்துக்குத் திரும்ப வேண்டிய கார் மேலூர் பக்கம் போகப் பார்த்தது.

“முகூர்த்தம் தப்பிரும்ணே. மேலூர்ல தலையக் காட்டிட்டு ஒரே அமுக்கா அமுக்கித் திருமங்கலம் போயிரலாம்.”

இந்த ‘ஒரே அமுக்கு’ சுருளி வாழ்க்கையில் நிறைய நடந்திருக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் கதவைத் திறந்தார். வாழ்நாளில் முதல்முறையாக, யாரும் சொல்லாமல் ஒரு காரை விட்டு இறங்கினார்.

கார் இடதுபக்கம் துள்ளி எழும்பியது. “ஆத்தே!” என்று அலறிக்கொண்டு அன்னக்கொடி தலையணையோடு வலதுபக்கக் கதவுக்குச் சரிந்தாள். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன.

“மாப்ள, அந்தத் தம்பி எங்க போகுதோ அங்க வண்டிய விடுங்க! அது இல்லாம மேலூர் போனா என் இடுப்பு தனியா, நான் தனியாத்தான் போயிச் சேரணும்!”

மாமியார் சொல்லைத் தட்டுகிற தைரியம் அழகுபாண்டிக்கு இல்லை. பஸ்ஸைப் பார்த்து நடந்துகொண்டிருந்த சுருளியை மறுபடி ஏற்றிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே திருமங்கலத்துக்கு விட்டான்.

அங்கே பெரியப்பா மகன் ஏற்கெனவே மணையில் உட்கார்ந்திருந்தான். பிள்ளை அவன் மடியில் இருப்புக்கொள்ளாமல் வில்லாக வளைந்து வீறிட்டது. ஊசியை வைத்துக்கொண்டு ஆசாரி விழித்தார். சுருளி உள்ளே வந்ததைப் பார்த்த தங்கப்பொண்ணு மணைப் பக்கம் குனிந்தாள். பிள்ளையை வெடுக்கென்று தூக்கினாள். அவன் எழுந்துகொள்ள, மணையில் சுருளி உட்கார்ந்தார். அவர் மடியில் பிள்ளையை வைத்தாள்.

பிள்ளை கொஞ்சம் அமுங்கியது, லேசாக எழும்பியது, பிறகு அப்படியே படிந்தது. அழுகை நின்றுவிட்டது. முதல் காதுக்கு ஒரு முனகல், அவ்வளவுதான். இரண்டாவது காது குத்தும்போது அந்தக் குட்டி மருமகள் தூங்கிப்போயிருந்தாள். ஆசாரி தன் ஊசியையே ஒருமுறை சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்.

சுருளி மூச்சைக்கூட அளந்து விட்டார். எத்தனையோ பேர் காரில் பாரமாக உட்கார்ந்து காலத்தை ஓட்டியவர். தன்மேல் ஒரு பாரம் உட்கார்ந்து இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. கண் கலங்கியது. துடைக்கக் கையை எடுக்கவும் மனம் வரவில்லை. தங்கப்பொண்ணுதான் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

வாசலில் ஹாரன் ஓயாமல் கேட்டது. கடைசியில் அழகுபாண்டியே உள்ளே வந்து அவர் தோளைத் தொட்டான்.

“அண்ணே, கெளம்புவமா? மேலூர்ல தாலி கட்டிருவாக.”

சுருளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஆளு ஒக்காந்திருக்கு தம்பி,” என்றார். “அசைக்காதீக.”