இடைவேளையில் தண்ணீர் விட்டார்கள்

என் தங்கையின் கணவர் இருபத்தாறு வருடம் ஒரு கால்பந்து கிளப்பில் உடுப்புக்காரராக இருந்தார். ஆட்டக்காரர்களின் சட்டை, சாக்ஸ், பூட்ஸ் எல்லாம் அவர் பொறுப்பு. அந்த வேலையை அவருக்குப் பிடித்துக் கொடுத்தவன் நான்தான். அதே கிளப்பின் பஸ்ஸை ஓட்டுகிறேன்.

"மாப்பிள்ளை, வீட்ல ஒரு தட்டைக் கழுவ மாட்டீங்க. இங்க நாப்பது ஜோடி நாத்தச் சாக்ஸைத் துவைக்கிறீங்களே" என்று வம்புக்கு இழுப்பேன்.

"வீட்ல துவைச்சா உங்க தங்கச்சி குறை சொல்வா மச்சான். இவனுங்க சொல்ல மாட்டானுங்க" என்பார்.

சாக்ஸை விடுங்கள், பூட்ஸ் விஷயத்தில் மனிதர் புலி. பூட்ஸின் அடியில் திருகி மாட்டுகிற குமிழ்களை ஸ்டட் என்போம். தரை காய்ந்திருந்தால் குட்டை ஸ்டட், ஈரமென்றால் நெட்டை. இந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஸ்டட்டை மாற்றவே முடியாத பூட்ஸ் போடுகிறார்கள். திருகுகிற வகையை விடாதவன் எங்கள் கேப்டன் ஒருவன்தான். அவனுக்காகவே மாப்பிள்ளை ஆட்டத்துக்கு முன்பும் இடைவேளையிலும் செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்தில் இறங்குவார். குதிகாலை ஊன்றித் திருப்பிப் பார்த்துவிட்டு வருவார்.

"அண்ணே, தரை எப்படி?" என்று கேப்டன் காலை நீட்டுவான். அவர் சொன்னதுதான் தீர்ப்பு. பதினோரு வருடம் அவன் குனிந்துகூடப் பார்த்ததில்லை.

நாற்பது வருடத்தில் முதல் தடவையாக லீக் இறுதிப்போட்டிக்கு வந்தோம். கேப்டனுக்கு முப்பத்து நான்கு வயது, அதுதான் கடைசி ஆட்டம். முடிந்ததும் கிளப்பிலேயே பயிற்சியாளர் வேலை தருவதாகப் பேச்சு. இடைவேளையில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தோம். எருமை வாங்கும் முன்னே நெய்க்கு விலை பேசுகிற கதையாக, எங்கள் நிர்வாகி 'சாம்பியன்' என்று அச்சடித்த பனியன்களை மூன்று பெட்டி நிறைய இறக்கியிருந்தார். அளவெல்லாம் கலந்து கிடந்தன. மாப்பிள்ளை நடைபாதையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவற்றைப் பிரித்து அடுக்க ஆரம்பித்தார். முகமெல்லாம் பல். இருபத்தாறு வருடம் தோற்றவர்களின் துணியையே துவைத்த மனிதருக்கு ஆசை இருக்காதா?

வெயில் கொளுத்தியதால் மைதானக்காரர்கள் அந்த இடைவேளையில் புல்லுக்குத் தண்ணீர் விட்டார்கள். மாப்பிள்ளை போய்ப் பார்க்கவில்லை.

"அண்ணே, தரை எப்படி?"

"காய்ஞ்சுதான் கிடக்கு. நீ போய் ஆடுப்பா."

இரண்டாம் பாதியின் மூன்றாவது நிமிடம். சாதாரணப் பந்து, கேப்டன் கண்ணை மூடிக்கொண்டு வெளியே தள்ளிவிடுவான். திரும்பினான், கால் வழுக்கியது, மல்லாந்து விழுந்தான். எதிரணிக்காரன் அவனைத் தாண்டிப் போய்க் கோல் போட்டான். அதற்குப் பிறகு எங்கள் பையன்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னொரு கோல் விழுந்தது. தோற்றோம்.

பஸ் கிளம்பும் முன் மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மச்சான், தப்பு என்னோடது. நான் தரையைப் பாக்கவே இல்ல. போய்ச் சொல்லிடறேன்."

"வாயை மூடிட்டு உக்காருங்க. வேலை போச்சுன்னா என் தங்கச்சியும் ரெண்டு பொண்ணுங்களும் எங்க போவாங்க? அவன் எப்படியும் ஆட்டத்தை நிறுத்தறவன். நாலு நாள் திட்டுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க."

சொன்னவன் நான்தான். என் வாயில் மண்ணைப் போட.

யாரும் மறக்கவில்லை. அந்த விழுகிற காட்சி ஒவ்வொரு போனிலும் ஓடியது. எதிரணிக்கு விலைபோய்விட்டான் என்றார்கள். அவன் தொலைக்காட்சியில், "என் கால்தான் வழுக்குச்சு, வேற காரணம் எதுவும் இல்ல" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டான். பயிற்சியாளர் வேலை கைநழுவிப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் அவன் மகள் நடந்து வந்தால் பிள்ளைகள் அவள் எதிரில் வழுக்கி விழுவதுபோல் விழுந்து சிரித்தார்கள். ஒன்பது வயசுக் குழந்தை. படிப்பை நிறுத்திவிட்டார்கள்.

மாப்பிள்ளை பாதியாக இளைத்துப் போனார். சோற்றைப் பிசைவார், சாப்பிட மாட்டார். புதுப் பருவத்திலும் இடைவேளை ஆனால் வெறுங்காலுடன் மைதானத்தில் போய் நிற்பார். இப்போது அணியில் ஸ்டட் மாற்றிப் போடுகிற ஆட்டக்காரன் ஒருவனும் இல்லை. "என்ன செய்யுது அவருக்கு?" என்று தங்கை என்னிடம் அழுதாள். தெரியாது என்று அவளிடமும் புளுகினேன்.

எட்டு மாதம் கழித்து, கேப்டன் வீட்டைக் காலி செய்கிறான் என்று செய்தி வந்தது. "நீங்க தடுத்தாலும் இன்னைக்குப் போவேன் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. தடுக்க எனக்கு என்ன யோக்கியதை? நானே கூட்டிப் போனேன்.

வாசலில் லாரி நின்றது. கேப்டன் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கி வந்துகொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் கீழே வைத்தான்.

"தம்பி, அன்னைக்கு இடைவேளையில நான் தரையைப் பாக்கல" என்றார் மாப்பிள்ளை. வழியெல்லாம் மனப்பாடம் செய்ததில் அது ஒன்றுதான் வெளியே வந்தது.

"தெரியும்ண்ணே. விழுந்து எந்திரிக்கும்போதே தெரியும். முதுகெல்லாம் ஈரம்."

"அப்ப ஏம்ப்பா யார்கிட்டயும் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்."

கோபமே இல்லை அந்தக் குரலில். கத்தியிருந்தால் நான் குறுக்கே விழுந்து, தடுத்தது நான்தான் என்று சொல்லியிருப்பேன். எந்நேரமும் ஓயாத வாய் எனக்கு. அன்று எழவில்லை.

"இப்ப சொல்றேம்ப்பா. டிவியில, கிளப்ல, எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்" என்று மாப்பிள்ளை கையைப் பிடித்தார்.

கேப்டன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

"வேணாம்ண்ணே. போற ஊர்ல என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டோம். அங்க அவ யார் பொண்ணுன்னு யாருக்கும் தெரியாது. நீங்க சொன்னா திரும்ப அந்த வீடியோவைப் போடுவாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

உள்ளேயிருந்து பீரோவைத் தூக்கி வந்தார்கள்.

"கொஞ்சம் வழி விடுங்கண்ணே" என்றான் கேப்டன்.

மாப்பிள்ளை சுவரோரமாக ஒதுங்கி நின்றார். நானும் ஒதுங்கினேன்.