கைதட்டப் போனவள்

தெருவில் அவளுக்கு டிவியக்கா என்று பெயர். டிவியில் என்ன செய்கிறாள் என்று கேட்டால், கைதட்டுகிறாள். சிரிக்காதீர்கள். அதுவும் வேலைதான், எல்லாருக்கும் வந்துவிடாது. உள்ளங்கையைக் குழித்து நெஞ்சுக்கு நேராக வைத்துத் தட்ட வேண்டும். தூக்கித் தட்டினால் பின்னால் இருப்பவரின் முகம் மறையும். ஃப்ளோர் மேனேஜர் கையை உயர்த்தினால் தட்ட வேண்டும், மடக்கினால் நிறுத்த வேண்டும். கோடு போட்ட துணி கூடாது, கேமராவில் நெளியும். ஏசிக் குளிருக்குக் கம்பளிச் சட்டை கட்டாயம். இத்தனையும் படித்துக்கொண்டு ஒரே நிகழ்ச்சியில் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் அந்த நிகழ்ச்சியை நடத்தியவருக்காக. சண்டை போட்டுக்கொண்ட குடும்பங்களை மேடையில் உட்காரவைத்துப் பேசியே சேர்த்துவைப்பார். ஒரு காலத்தில் அவர் யாரோ எவரோ. வாரம் தவறாமல் ஒருவர் நம் கூடத்துக்குள் வந்து நம் முகத்தைப் பார்த்துப் பேசினால் சொந்தக்காரர் ஆகாமல் என்ன செய்வார்? ஊருக்கே அண்ணன் ஆகிவிட்டார். மருந்துக்கடைக்காரர் கல்லாவுக்கு மேலே அவர் படத்தை ஒட்டிவைத்தார். எந்த வீட்டுச் சண்டையும் "அண்ணனே சொல்லிட்டாரு" என்றால் முடிந்தது.

"பெத்த அப்பன் பேச்சக் கேக்காதவ, டிவிக்காரன் பேச்சுக்கு எப்படித் தலையாட்டறா பாரு" என்பார் அவள் கணவர். பஸ் டிப்போவில் மெக்கானிக். வாய்தான் இப்படி. அவளுக்கு அந்தப் பச்சைக் கம்பளிச் சட்டையை வாங்கி வந்தவரும் அவர்தான். "குளிர்ல கை விறைச்சுப் போனா எப்படித் தட்டுவே?"

அவர் ஒருநாள் டிப்போவிலேயே சாய்ந்தார், எழுந்திருக்கவில்லை. வீடு நிறைய ஆட்கள். எல்லாரும் அழுதார்கள், அவளுக்கு வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். கல்நெஞ்சுக்காரி என்று நாத்தனார் காதுபடவே சொன்னாள். அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்குள் இருக்க முடியாமல் அடுத்த வாரமே ஸ்டூடியோவுக்குக் கிளம்பிவிட்டாள்.

அன்று மேடையில் ஒரு பெண், "இவரு செருப்ப வாசல்ல ஆளுக்கொரு பக்கம் விட்டுட்டு வருவாரு, அத நான்தான் ஜோடி சேக்கணும்" என்று புருஷனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். அடைத்திருந்த குழாய் திறந்த மாதிரி டிவியக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் பேச்சை நிறுத்தினார். மேடையை விட்டு இறங்கி, தன் தண்ணீர் கிளாஸை எடுத்துக்கொண்டு அவளிடமே வந்தார். "அழுங்கம்மா. ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அழுது தீர்த்தாள். ஓய்ந்தபோது அவர் திரும்பி, ஃப்ளோர் மேனேஜரிடம் மெதுவாகக் கேட்டது காதில் விழுந்தது. "எடுத்தாச்சா?"

தண்ணீர் கிளாஸ் கதையைத் தெரு முழுக்கச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, தனக்கும் சொல்லிக்கொள்ளவில்லை. நேரம் போதவில்லை என்று அந்தக் காட்சி டிவியிலும் வரவில்லை.

இப்போது அந்த அண்ணனும் போய்விட்டார். மாரடைப்பு. செய்தி வந்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், கடைசித் துணிவரை மடித்து முடித்தாள். தெருக்காரர்கள் அவளிடம் துக்கம் கேட்க வந்தார்கள். பாழாய்ப்போன கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"இந்த மனுஷனுக்காவது நான் அழணும்" என்றாள் மருமகளிடம். "என் வீட்டுக்காரருக்கு அழ இடம் குடுத்தவரு. அழலன்னா நான் மனுஷியே இல்ல." ஸ்டூடியோவுக்குப் போனால் வந்துவிடும் என்று நம்பினாள். முன்பும் அங்கேதானே வந்தது.

அஞ்சலி நிகழ்ச்சிக்கு அதே ஸ்டூடியோ, அதே நாற்காலிகள். மேடையில் அவர் உட்காருகிற இடத்தில் பெரிய படம். "முன்வரிசைக்கு வாங்கக்கா, உங்களுக்கு அழுகை வரும்" என்றார் ஃப்ளோர் மேனேஜர். "வரும் தம்பி" என்று உட்கார்ந்தாள்.

படத்தையே பார்த்தாள். தண்ணீர் கிளாஸை நினைத்தாள். கூடவே அந்த "எடுத்தாச்சா"வும் வந்து நின்றது. கண் காய்ந்தே கிடந்தது. பக்கத்தில் புதிதாக வந்த ஒருத்தி அழகாக விசும்பினாள்.

மௌன அஞ்சலிக்கு எல்லாரும் எழுந்திருக்க வேண்டும் என்று ஃப்ளோர் மேனேஜர் கையை உயர்த்தினார். டிவியக்கா கைதட்டினாள்.

அவள் தட்டவில்லை, கை தட்டியது. குழித்த உள்ளங்கை, நெஞ்சுக்கு நேராக. முன்வரிசை முழுக்கப் பழைய ஆட்கள். ஒருத்தி தட்டினால் சும்மா இருப்பார்களா? சேர்ந்து தட்டினார்கள். செத்தவர் படத்துக்கு முன்னால் நல்ல கைதட்டல். ஃப்ளோர் மேனேஜர் கையை மடக்கிய பிறகுதான் நின்றது.

அவர் திட்டவில்லை. "அக்கா, கொஞ்சம் வெளிய உக்காருங்க. தப்பா எடுத்துக்காதீங்க." உடைந்த சோபாக்கள் போட்டுவைத்த நடைபாதையில் போய் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினார்கள், மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. வெட்கமாவது வரும் என்று பார்த்தாள். அதுவும் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் நிகழ்ச்சி ஒளிபரப்பானது. மகன் சத்தத்தைக் கூட்டினான். கைதட்டல் எங்கே வருமோ என்று அவள் விரல்களைக் கோத்துப் பிடித்துக்கொண்டாள். அது வரவில்லை. அண்ணனின் படம் வந்தது, சோகமான இசை வந்தது, பிறகு திரை முழுக்க அவள் முகம் வந்தது. தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

போன் அடித்தது. மருந்துக்கடைக்காரர். "அக்கா, நீங்க அழுததப் பாத்து எங்க வீடே அழுதுட்டு இருக்கு" என்றார். மகனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மருமகள் மட்டும் திரையை உற்றுப் பார்த்தாள். "அத்தை, அது மாமா வாங்கிக் குடுத்த பச்சைச் சட்டைதானே? நான்தான் அத இஸ்திரி போடறப்ப எரிச்சிட்டேனே, அது எப்படி இங்க வந்துச்சு?"

 திரையில் கீழ் ஓரத்தில் தண்ணீர் கிளாஸின் விளிம்பு தெரிந்தது. சரியாக அங்கே வெட்டி, மறுபடி அண்ணன் படத்தைப் போட்டார்கள். கணவருக்கென்று அவள் அழுதது அந்த ஒரு தடவைதான். அதையும் எடுத்து இவர் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள்.

"அத்தை, அது மாமாவுக்கு அழுததுதானே?" என்று மருமகள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஆமா."

"அப்ப இவருக்கு?"

டிவியில் மறுபடி அவள் முகத்தைக் காட்டினார்கள்.

"அதான் அழுதாச்சே" என்றாள்.